காணும் பொங்கலுக்கு எங்கே போகலாம்? சென்னைக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பொங்கல் லீவில் சென்னை பாதி காலியாகிவிடும். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியவர்கள், எழும்பூரில் ரயில் பிடித்தவர்கள் போக மிச்சம் இருப்பவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், டிக்கெட் கிடைக்காதவர்கள், லீவு கிடைக்காதவர்கள். பொங்கலன்று வீட்டு வேலையே சரியாக இருக்கும். மறுநாள் மாட்டுப் பொங்கல், சாப்பாட்டிலும் தூக்கத்திலும் போய்விடும். மூன்றாம் நாள் விடிந்ததும் பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ என்று. உடனே வழக்கமான பெயர்கள் வரும்: மெரினா, மாமல்லபுரம், வண்டலூர். பறவை பார்க்கும் பழக்கமுள்ள சித்தப்பா யாராவது வந்திருந்தால் வேடந்தாங்கல்.

இவற்றில் எது நல்ல இடம் என்று சண்டை போடுவதில் பயனில்லை. எல்லாமே நல்ல இடங்கள்தான். எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி. காணும் பொங்கல் சாயங்காலத்து மெரினாவுக்கும் முந்தின நாள் விடியற்காலை மெரினாவுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. அதனால் இங்கே ஒவ்வோர் இடத்தையும் அதற்கு ஏற்ற நாளோடு சேர்த்தே எடைபோடுகிறேன். முழங்கால் வலிக்கும் பாட்டி, அரைமணிக்கொரு தரம் பாத்ரூம் கேட்கும் ஐந்து வயதுப் பையன், போனை விட்டுக் கண்ணை எடுக்காத பத்தாவது படிக்கும் பெண் என்று எங்கள் வீடு மாதிரி ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜோடியாகப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. அவர்களுக்கு எந்த இடமும் சரிதான்.

முதலில் மெரினா. காணும் பொங்கலன்று அங்கே போகிறவர்கள் ஜனத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். லட்சக்கணக்கில் கூட்டம் சேரும். கடலில் இறங்க அன்றைக்கு அனுமதி கிடையாது. அலைக்கு வெகு முன்னாலேயே சவுக்குக் கட்டையால் தடுப்புக் கட்டி, போலீஸ் காவல் நிற்கும். குழந்தையின் பெயரும் பெற்றோரின் போன் நம்பரும் எழுதிய பட்டையைக் கையில் கட்டிவிடுவார்கள். 'நம்ம பையன் தொலைய மாட்டான்' என்று கௌரவம் பார்க்காமல் கட்டிக்கொள்ளுங்கள். காமராஜர் சாலையில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள் என்பதால் காரில் போவது வீண் வேலை. பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் நடந்தே போய்விடலாம். லீவு நாளில் ரயில் குறைவு என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் காலும் நனைக்க முடியாது என்றால் அப்புறம் எதற்குப் போவது என்று தோன்றும். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கமிருந்து வேன் பிடித்து வந்து, பாய் விரித்து, தூக்குவாளியிலிருந்து புளியோதரையும் தயிர்சாதமும் எடுத்துப் பரிமாறும் குடும்பங்களைப் பார்த்தால் பதில் தெரியும். அவர்களுக்கு அது வருஷத்துக்கு ஒருமுறை வரும் சொந்தக்காரர்கள் கூட்டம். தாத்தா நடுவில் உட்கார்ந்திருப்பார், பேரப்பிள்ளைகள் மண்ணில் புரண்டுகொண்டிருப்பார்கள், பெண்கள் ஒரு மணி நேரத்துக்குப் பேசத் தேவையான விஷயங்களோடு வந்திருப்பார்கள். இந்த மாதிரி போவதானால் மெரினாவை மிஞ்ச ஆள் இல்லை. நாலு பேராகப் போய், கூட்டத்தில் இடிபட்டு, ஒரு செல்பி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குத்தான் அது லாயக்கில்லை.

சுண்டலைப் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் என்று கூவிக்கொண்டு வருபவரிடம் வாங்கும்போது, அவர் தூக்கில் மாங்காய் இன்னும் துண்டுகளாகத் தனியே இருக்கிறதா, பட்டாணியோடு கலந்து குழைந்துவிட்டதா என்று எட்டிப் பாருங்கள். சாயங்காலம் சீக்கிரம் வாங்கினால் மாங்காய் நறுக்கென்று இருக்கும், புளிப்பும் மிளகாய்ப்பொடியும் தனித்தனியாக நாக்கில் ஏறும். ஏழு மணிக்கு மேல் வாங்கும் சுண்டல் பொட்டலம் அடியில் ஈரமாகிக் கையோடு வந்துவிடும். பஜ்ஜிக்கு இந்தக் கவலை இல்லை, கண்ணெதிரில் போடுகிறார்கள்.

பாட்டியை அழைத்துப் போவதானால் மெரினாவின் மணல்தான் முதல் எதிரி. சாலையிலிருந்து அலைவரை நடந்தால் இளவட்டத்துக்கே கெண்டைக்கால் வலிக்கும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சக்கர நாற்காலி போக மரப்பாதை ஒன்றை 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பதம் பார்த்தது, பிறகு சரிசெய்தார்கள். சாதாரண நாளில் அந்தப் பாதை பெரிய வரம். காணும் பொங்கலன்று அதை நம்பிப் போகாதீர்கள். அதே பாட்டியை மாட்டுப் பொங்கல் விடியற்காலையில் அழைத்துப் போய்ப் பாருங்கள்: சாலையில் வண்டி இல்லை, மரப்பாதையில் நெரிசல் இல்லை, சூரியன் கடலிலிருந்து எழுவதை உட்கார்ந்து பார்த்துவிட்டு மயிலாப்பூரில் டிபன் சாப்பிட்டுத் திரும்பலாம். கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறவும் லிப்ட் உண்டு. பாதுகாப்புக் காரணத்தால் பல வருஷங்கள் மூடிக் கிடந்து 2013இல் மறுபடி திறந்தது. திங்கட்கிழமை விடுமுறை. பண்டிகை நாட்களில் திறந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

மெரினா வேண்டாம், ஆனால் கடல் வேண்டும் என்பவர்கள் பெசன்ட் நகருக்குப் போவார்கள். கூட்டம் அங்கேயும் உண்டு, ஒரு சுற்றுக் குறைவு. கரையில் நிற்கும் அந்த வெள்ளை வளைவு, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் 1930இல் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டேனிஷ்காரரின் நினைவுச்சின்னம். அதன் எதிரிலேயே நின்றுகொண்டு 'கொஞ்ச தூரம்தான் உள்ளே போறேன்' என்று சொல்லும் பையன்களைப் பார்க்கும்போது எரிச்சல் வரும்.

மாமல்லபுரம் வேறு கதை. அங்கே பார்ப்பதற்கு நிஜமாகவே நிறைய இருக்கிறது, அதனால்தான் காணும் பொங்கலன்று போய் அதை வீணாக்கக் கூடாது என்கிறேன். அன்று ஊருக்கு வெளியிலேயே தற்காலிக பஸ் நிறுத்தம் வைத்துவிடுவார்கள், அங்கிருந்து நடை. கடற்கரைக் கோயில் டிக்கெட்டுக்கு வரிசை, ஐந்து ரதத்துக்கு வரிசை, வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல் போட்டோ எடுக்க வரிசை. கிழக்குக் கடற்கரைச் சாலை சாயங்காலம் நத்தை வேகத்தில் நகரும்.

மாட்டுப் பொங்கலன்று காலையிலேயே போய்விடுவதானால் மாமல்லபுரத்துக்கு என் ஓட்டு உண்டு. அந்த நாளுக்குப் பொருத்தமான சிற்பம் ஒன்றும் இருக்கிறது. அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்திலேயே உள்ள கிருஷ்ண மண்டபத்துக்குள் போனால், ஒருவர் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறார், பசு கழுத்தை வளைத்துக் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செதுக்கியது. அந்தப் பசுவின் கழுத்தில் உள்ள நெளிவை இன்றைக்கும் எந்த மாட்டுத் தொழுவத்திலும் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அர்ச்சுனன் தபசில் பூனையைக் காட்டுங்கள். பெரிய யானையின் காலடிப் பக்கம், பின்னங்காலில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனை, அதைச் சுற்றி அதை நம்பி நிற்கிற எலிகள். 'யானை எங்கே' என்று கேட்டால் எல்லாக் குழந்தையும் காட்டிவிடும். 'பூனையைக் கண்டுபிடி' என்றால் பத்து நிமிஷம் ஓடும். பத்தாவது படிக்கும் பெண்கூடப் போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் தேடுவாள்.

செலவு பெரிதில்லை. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்துத் தொல்லியல் துறையின் டிக்கெட் ஒன்றே போதும், ஆளுக்கு 40 ரூபாய், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். கார் இல்லாதவர்களுக்குத் தாம்பரத்திலிருந்து 515 பஸ் இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் பாறைகள் சுட ஆரம்பிக்கும், ஜனவரியிலும்தான். அதற்குள் பார்த்து முடித்துவிட்டு, திரும்பும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் ஒரு மணி நேரம் நிற்கலாம். முதலை அசையாமல் வாயைத் திறந்து கிடப்பதைப் பார்த்து எங்கள் வீட்டு வாண்டு 'பொம்மைதானே?' என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

வண்டலூர் உயிரியல் பூங்காவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. பூங்காமீது இல்லை, நாம் அதைப் பார்க்கும் விதத்தின்மேல். 1855இல் அன்றைய மதராஸ் மியூசியத்தில் தொடங்கிய மிருகக்காட்சிசாலை 1985இல் வண்டலூருக்கு வந்தது. 602 ஹெக்டேர், கிட்டத்தட்ட ஆயிரத்து ஐந்நூறு ஏக்கர். இவ்வளவு பெரிய காட்டுக்குள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நுழைந்து, 'புலி எங்கேயோ படுத்துக்கிடக்குது, சரியா தெரியலை' என்று குறைபட்டுக்கொள்கிறோம். வெயிலில் எந்தப் புலி நம் முன்னால் வந்து நிற்கும்? வாசல் திறந்ததுமே உள்ளே போகிறவர்களுக்குத்தான் அது நல்ல பூங்கா. பாட்டிக்கு பேட்டரி வண்டி இருக்கிறது, கூட்ட நாளில் அதற்கே காத்திருக்க வேண்டிவரும். வழக்கமான செவ்வாய்க்கிழமை விடுமுறையைப் பொங்கல் வாரத்தில் தளர்த்துவார்கள். டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். மின்சார ரயிலில் வண்டலூரில் இறங்கிப் போவதே மேல். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்த ஜி.எஸ்.டி. சாலை பண்டிகை நாட்களில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வண்டலூர் தேவையே இல்லை என்பது என் எண்ணம். கிண்டி சிறுவர் பூங்கா போதும். 2024இல் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள், நடக்கிற தூரம் அளவானது, பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. குழந்தை சோர்ந்துபோகும் முன் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இப்போது வேடந்தாங்கல். என் மனம் சாய்வது இதன் பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை. முப்பது ஹெக்டேர் ஏரி, நடுவில் தண்ணீரில் நிற்கும் மரங்கள், அவற்றில் ஆயிரக்கணக்கான பறவைகள். கூடு கட்டுவதும் குஞ்சு பொரிப்பதும் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும், அதனால் பொங்கல் சமயம் ஏரி உச்சத்தில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்திருக்க வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை. ஏரி வற்றிய வருஷத்தில் போய் ஏமாறாதீர்கள். மதுராந்தகம் பக்கம் தெரிந்தவர் யாரையாவது முன்னாடியே விசாரித்துவிடுங்கள்.

அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றுவது சர்க்கார் சொல்லி வந்த பழக்கமில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட ஆரம்பித்தபோது, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு உரிமை எழுதி வாங்கியவர்கள் அவர்கள். காரணம் பக்தி மட்டுமல்ல, விவசாயம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் போடும் வேலை குறைகிறது. தீபாவளிக்கு அங்கே பட்டாசு வெடிப்பதில்லை. பொங்கல் உழவர் திருநாள் என்று மேடையில் பேசுகிறோமே, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இந்த ஏரிக்கரையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கரையோரமாக நிழலில் நடைபாதை, இடையில் உட்கார பெஞ்சுகள், ஏறிப் பார்க்க ஒரு கோபுரம். பாட்டி கோபுரம் ஏற வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்தே நத்தை குத்தி நாரையைப் பார்க்கலாம். அதன் அலகைக் கவனியுங்கள்: மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவில் ஓர் இடைவெளி, மூடினாலும் மூடாது. வழுக்கும் நத்தையைப் பிடிக்க அந்த அமைப்பு. கூழைக்கடா வந்து இறங்கும்போது கிளையே ஆடும். மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்ட ஒரு ஆள் உடன் இருந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. பைனாகுலர் அங்கே வாடகைக்குக் கிடைக்கும், சொந்தமாக இருந்தால் உத்தமம். பைனாகுலர் இல்லாமல் போனால் தூரத்து மரத்தில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

குறைகளும் உண்டு. சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டர் தூரம், பாத்ரூம் சுமார், சாப்பிட அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். காலை ஒன்பதுக்குள் அல்லது சாயங்காலம் நாலுக்கு மேல் இருந்தால்தான் பறவைகளின் போக்குவரத்து தெரியும். பஸ்ஸில் போகிறவர்கள் செங்கல்பட்டு போய் மாற வேண்டும், பையனும் பாட்டியும் உடன் இருந்தால் அது கஷ்டம். நாலைந்து பேர் சேர்ந்து வேன் பேசிவிடுவது நல்லது.

இதற்கும் நாள் முக்கியம். பொங்கலுக்கு முன் இரண்டு நாளும் ஜி.எஸ்.டி. சாலை சென்னையை விட்டு வெளியேறும் வண்டிகளால் அடைத்துக்கிடக்கும். காணும் பொங்கல் சாயங்காலத்திலிருந்து அதே கூட்டம் திரும்பி வரும். பரனூர் சுங்கச்சாவடியில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் அன்றைக்குப் பார்த்த பறவையெல்லாம் மறந்துவிடும். நடுவில் இருக்கும் மாட்டுப் பொங்கலன்று விடியற்காலையில் மட்டும் அந்தச் சாலை இரண்டு பக்கமும் காலியாக இருக்கும். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குள் ஏரிக்கரை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு.

பழவேற்காட்டையும் சிலர் சொல்வார்கள். பூநாரை, டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம், அதன் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகள், வறுத்த இறால் என்று பெரியவர்களுக்குப் பிடித்த இடம். குழந்தைகளோடு போனால் ஏரியைப் பார்த்ததும் 'படகு' என்று அடம் பிடிப்பார்கள், பிரச்சினை அங்கேதான். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சவாரிக்குத் தடை இருக்கிறது. யாராவது கரையில் மெதுவாகக் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

சரி, காணும் பொங்கலன்று என்னதான் செய்வது? அன்றைக்கு ஊரைவிட்டு வெளியே போகாதீர்கள் என்பதுதான் என் முடிவு. பொங்கல் நாட்களின் சாயங்காலங்களில் சென்னை சங்கமம் நடக்கும். 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 முதல் மறுபடி நடக்கிறது. நகரில் பல இடங்களில் மேடை போடுவார்கள். அனுமதி இலவசம், பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவோ மைதானமோ ஒன்றில் இருக்கும். கரகம், தேவராட்டம், பொய்க்கால் குதிரை எல்லாம் வந்து போகும். ஒரு அரைமணி முன்னாடியே போய் மேடைக்குப் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். தோல் பறை வைத்திருக்கும் குழுவாக இருந்தால், வைக்கோலோ காகிதமோ கொளுத்தி அந்த அனலில் பறையைக் காட்டிக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டிப் பார்ப்பார்கள், தொப்பென்று கேட்டால் மறுபடி அனலில். சத்தம் கணீரென்று ஏறும் அந்தக் கணத்தைப் பிள்ளைகள் பார்த்துவிட்டால், பிறகு மேடையில் அடிக்கும் ஒவ்வோர் அடியையும் வேறு காதோடு கேட்பார்கள்.

புத்தகக் காட்சியும் கணக்கில் உண்டு, நடந்துகொண்டிருந்தால். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்துவது, 1977இல் தொடங்கியது. பல ஆண்டுகள் பொங்கல் அதன் நடுவில் வரும்; 2025இல் ஜனவரி 12ஆம் தேதியே முடித்துவிட்டார்கள், அதனால் தேதி பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாட்களில் காலையிலேயே திறந்துவிடுவதால், சாயங்கால நெரிசலுக்கு முன் போய்விடலாம். நந்தனம் மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம். பத்து சதவீதத் தள்ளுபடி என்று சொல்லிக்கொண்டு போய் முழு போனஸையும் விட்டுவிட்டு வருவது வேறு விஷயம். பாட்டியைக் கேன்டீன் பக்கம் டெல்லி அப்பளத்தோடு உட்கார வைத்துவிட்டால் அவர்களும் சந்தோஷம், நாமும் சந்தோஷம். தீவுத்திடல் பொருட்காட்சிக்கு அவசரமே இல்லை; பொங்கல் முடிந்த பிறகும் அது பல வாரம் இருக்கும், ராட்டினமும் எங்கேயும் ஓடிப்போகாது.

ஆக, பெரியவர்களும் சின்னவர்களும் கலந்த வீடு, வண்டி வசதியும் இருக்கிறது என்றால் மாட்டுப் பொங்கல் விடியலில் வேடந்தாங்கல், காணும் பொங்கலன்று வீட்டில் சாப்பாடும் சாயங்காலம் பக்கத்துச் சங்கமமும். வண்டி இல்லாத, பாட்டி இல்லாத, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டுக்கு மாட்டுப் பொங்கல் காலை மாமல்லபுரம். சொந்தக்காரர்கள் இருபது பேர் சேர்ந்துவிட்டார்களா, யோசிக்காமல் மெரினா. பன்னிரண்டு மணிக்கே போய் நிழலான இடம் பிடித்து, ஐந்தரைக்குள் பாயைச் சுருட்டிவிடுங்கள். அதற்கு மேல் ஆனால் பறக்கும் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டிலேயே அரைமணி நிற்க வேண்டிவரும்.